சாயத்துக்கு அடியில் இரண்டு கோடு

காலை ஒன்பது மணிக்கு வேனை நிறுத்திய சின்னவள், இரண்டு வாளி, நார்ப் பிரஷ், முழங்கை வரை ஏறும் ரப்பர் கையுறை, சாயம் உரிக்கும் மருந்து நிறைந்த பத்து லிட்டர் கேன் எல்லாவற்றையும் வாசலில் இறக்கி வைத்தபிறகுதான் அழைப்புமணியை அழுத்தினாள். சாமான்கள் இறங்கிவிட்டால் ஆளைத் திருப்பி அனுப்புவது அவ்வளவு சுலபமில்லை.

கதவைத் திறந்த அத்தானின் முகத்தில் இருந்த சிரிப்பு பாதியில் நின்றது.

"நீயா? மரப் பாலிஷ்காரங்க வருவாங்கன்னு டீச்சர் சொன்னாங்க."

"அது நான்தான் அத்தான். அவங்க ஸ்கூல் பெஞ்சுக்கெல்லாம் நான்தான் பாலிஷ் போட்டேன். அந்தப் பழக்கத்துல கூப்பிட்டாங்க."

"நீ யாருன்னு அவங்களுக்குத் தெரியுமா?"

"கேட்கலை. நானும் சொல்லலை."

டீச்சர் என்பது அத்தான் அடுத்த மாதம் கட்டிக்கொள்ளப் போகிறவர். பெரியவள், அதாவது சின்னவளின் அக்கா, செத்து இன்னும் ஒரு வருடம் முடியவில்லை. வீட்டின் பின்னால் இருக்கும் மரத்தளம் கரியாக இருண்டு கிடக்கிறது, பார்த்தாலே நெஞ்சை அடைக்கிறது, தேன் நிறத்துக்கு மாற்றித் தாருங்கள் என்று டீச்சர் போனில் கேட்டபோது சின்னவளுக்கு முதலில் புரியவில்லை. ஏனென்றால் அந்தத் தளத்துக்குத் தேன் நிறம் பூசியவளே அவள்தான். அக்கா கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தபோது, தன் கையாலேயே பலகை பலகையாகத் தேய்த்துப் பூசிக் கொடுத்திருந்தாள். அதன் மேல் எப்போது கறுப்பு ஏறியது?

"அக்கா போன நாலாம் நாள் அடிச்சேன்," என்றான் அத்தான், அவள் கேட்டதற்கு. "பார்க்கப் பார்க்க மனசு தாங்கலை. நீ ஒண்ணு பண்ணு, அதுமேலயே வெளிர் கலரை அடிச்சுட்டுப் போயிடு."

"கறுப்பு மேல எதை அடிச்சாலும் கறுப்புதான் தெரியும். பழசை உரிச்சாத்தான் புதுசு ஏறும்."

அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். வேலைக்கு நேரமாகியிருந்தது. டீச்சரிடம் என்ன காரணம் சொல்லி இவளை அனுப்புவது என்று யோசிப்பது முகத்திலேயே தெரிந்தது. கடைசியில், "படிக்கட்டுப் பக்கம் போகாதே. அங்க பலகை இத்துப்போயிருக்கு," என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினான்.

இத்துப்போகிற மரமா அது? சின்னவளுக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன.

தளம் வீட்டின் பின்கதவிலிருந்து நீளமாக ஓடி, இருபது கருங்கல் படிகளின் தலையில் போய் முடிந்தது. படிகளுக்குக் கீழே தண்ணீர் வற்றிய பாறை ஓடை. பதினொரு மாதத்துக்கு முன்னால் பெரியவள் அந்தப் பாறையில்தான் கிடந்தாள், சக்கர நாற்காலி அவள் மேல் கிடந்தது. விபத்தொன்றில் இடுப்புக்குக் கீழே செயலற்றுப்போய் இரண்டு வருடம் அந்த நாற்காலியிலேயே இருந்தவள். "பிரேக் போட மறந்துட்டா. தளம் லேசா சரிவு. உருண்டு போயிடுச்சு," என்று அத்தான் போலீசிடம் சொன்னான். மழை நாள். எல்லோரும் கீழே உடலைப் பார்த்தார்கள், மேலே தளத்தை யாரும் பார்க்கவில்லை. வந்த சொந்தம் எல்லாம் அவனைக் கட்டிக்கொண்டுதான் அழுதது. இப்படி ஒரு புருஷன் கிடைப்பானா, குழந்தை மாதிரி தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டானே என்று.

சின்னவளும் அன்றைக்கு அதையே சொன்னாள். அதை நினைக்கும்போதுதான் அவளுக்குத் தன்மேலேயே பற்றிக்கொண்டு வரும். சாவதற்குப் பத்து நாள் முன்னால் அக்கா போன் செய்திருந்தாள். "என்னைக் கூட்டிட்டுப் போயிடு டீ," என்றாள். காரணம் சொல்லவில்லை. "வேலை இருக்குக்கா, அடுத்த மாசம் பார்க்கலாம்," என்று இவள் வைத்துவிட்டாள்.

பின்கதவை ஒட்டிய பலகைகளில் மருந்தைப் பூசினாள். இருபது நிமிடம் அது ஈரமாகவே இருக்க வேண்டும், காயவிட்டால் வேலை கெட்டது. கறுப்புத் தோல் மெல்லச் சுருங்கி, கூழாக இளகியது. மண்டியிட்டு, மரத்தின் ரேகை போகும் திசையிலேயே தேய்த்தாள். பழுப்பு நுரை பொங்கியது. ஹோஸ் தண்ணீரைத் திறந்து அடித்ததும் நுரை ஓடிப்போய், கீழே பழைய தேன் நிறம் கண் திறந்தது.

அதன் நடுவில் இரண்டு கறுப்புக் கோடுகள்.

சாயம் மிச்சம் என்று நினைத்து மறுபடி தேய்த்தாள். போகவில்லை. கையுறையைக் கழற்றிவிட்டு விரலால் தடவினாள். கோடு பலகைக்குள் இறங்கியிருந்தது. மர நார் நசுங்கி, அதற்குள் ரப்பர் கறுப்பாக அப்பியிருந்தது. இரண்டு கோட்டுக்கும் நடுவே தன் முழங்கையை வைத்து அளந்தாள். அளக்கத் தேவையே இல்லை. அந்த நாற்காலியை எத்தனை வாசற்படியில் ஏற்றி இறக்கியிருக்கிறாள்!

உருளும் சக்கரம் மரத்தில் கோடு போடாது.

பூட்டிய சக்கரம்தான் போடும்.

பிரேக் போட மறக்கவில்லை அக்கா. போட்டிருக்கிறாள். இரண்டு பக்கமும் இறுக்கிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அப்படியே வைத்து யாரோ தள்ளிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

சின்னவளுக்கு வாய்விட்டுக் கத்த வேண்டும் போலிருந்தது. கத்தவில்லை. முழுத் தளத்தையும் உரித்தே தீருவது என்று கையுறையை மாட்டிக்கொண்டு வாளியை இழுத்தாள்.

அப்போதுதான் பூட்டியிருந்த பின்கதவுக்கு உள்ளே அந்தச் சத்தம் கேட்டது.

கிறீச்.

எண்ணெய் வற்றிய அச்சு ஒரு சுற்று சுற்றினால் வருமே, அந்தச் சத்தம். வீட்டில் யாருமில்லை. நொறுங்கிய நாற்காலியைப் பழைய இரும்புக்காரன் எடுத்துப்போனதை அவளே கண்ணால் பார்த்திருக்கிறாள்.

கிறீச். கொஞ்சம் பக்கத்தில்.

உச்சி வெயில் முதுகைச் சுட்டுக்கொண்டிருந்தது. மருந்தின் கார நெடியை மீறி, அக்கா தினமும் பூசிக்கொள்ளும் முதுகுவலித் தைலத்தின் வாசனை வந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ மூச்சு வாங்கினார்கள்.

"அக்கா?" என்றாள்.

பதில் கதவிலிருந்து வரவில்லை. தரையிலிருந்து வந்தது.

அவள் இன்னும் மருந்து பூசாத பலகையில், கறுப்புச் சாயம் கொப்புளித்தது.

ஒரு கொப்புளம். பக்கத்தில் இன்னொன்று. வெந்நீர் பட்ட தோல்போல இரண்டு வரிசையாக எழும்பி, வெடித்து, சுருண்டு உதிர்ந்தது. பிரஷ் படவில்லை, ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை. அடுத்த பலகை. அதற்கடுத்தது. இரண்டு கோடுகளும் அவளைவிட்டு விலகி, படிக்கட்டை நோக்கி ஓடின. சின்னவளின் கை வேகம் போதாது என்று யாரோ பொறுமை இழந்துவிட்டது போலிருந்தது.

ஓடிப்போய்விடலாம் என்றுதான் கால் எழுந்தது. ஆனால் கோடுகளைப் பின்தொடர்ந்துதான் நடந்தாள்.

அவை படிக்கட்டின் தலையில் இருந்த கைப்பிடித் தூணுக்குப் பக்கத்தில் வளைந்திருந்தன. அந்த இடத்தில் நாற்காலி நின்றிருக்கிறது. திமிறியிருக்கிறது. தூணின் மேல் சாயம் சடசடவென்று உரிந்து விழுந்தது. உட்கார்ந்திருப்பவரின் கை எட்டும் உயரத்தில் நான்கு கீறல்கள். மூன்றாவது கீறலின் அடியில் பிறை மாதிரி ஒரு துணுக்கு மரத்துக்குள் குத்தி நின்றது. சாயம் அதை இத்தனை மாதமும் பத்திரமாக மூடி வைத்திருந்தது.

நகம்.

சின்னவள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். அழுகை என்று சொல்வதுகூடத் தப்பு, உறுமல் போலத்தான் வந்தது.

மூன்று மணிக்கு அத்தான் டீச்சரோடு வந்துவிட்டான். டீச்சர் நாற்பது வயதுப் பெண், கையில் கலர் அட்டையை வைத்துக்கொண்டு ஆசையாகப் பின்கதவைத் திறந்தவள், தளத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றாள்.

"என்னங்க இது, கோடு கோடா?"

"மேஜையை இழுத்தேன், அதான்," என்றான் அத்தான் சட்டென்று.

"மேஜைக்கு ஏது ரப்பர் சக்கரம் அத்தான்?" என்றாள் சின்னவள்.

"அத்தானா?" டீச்சர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நான் செத்துப்போனவளோட தங்கச்சி. டீச்சர், அந்தத் தூண்ல என்ன இருக்குன்னு கொஞ்சம் வந்து பாருங்க."

"அவ பைத்தியம்! அவ பேச்சைக் கேட்காதீங்க!" அத்தான் சின்னவளைத் தள்ளிவிட்டுத் தளத்தில் பாய்ந்தான். கீழே கிடந்த பிரஷ்ஷை எடுத்து, படிக்கட்டுப் பக்கம் போய், தூணில் இருந்த கீறலைப் பரபரவென்று தேய்த்தான். "ஒண்ணுமில்ல. இதெல்லாம் ஒண்ணுமே இல்ல. தேய்ச்சா போயிடும்."

தேய்த்த கை நின்றது.

அவன் தன் காலைக் குனிந்து பார்த்தான்.

அவன் காலை எடுத்து வைக்கவில்லை, ஆனால் செருப்பு நகர்ந்தது. ஒரு அங்குலம். நின்ற நிலையிலேயே, படியை நோக்கி. அடிப்பாகம் மரத்தில் உரசி முனகியது. குதிகால்களுக்குப் பின்னால் புதிதாக இரண்டு கோடுகள் விழுந்தன.

"யாரு... யாரு இழுக்கறது?"

யாரும் இழுக்கவில்லை. அவன் முதுகுக்குப் பின்னால் வெயில்தான் நின்றது.

இன்னும் ஒரு அங்குலம். அவன் பிரஷ்ஷை எறிந்துவிட்டுத் தூணைக் கட்டிப்பிடித்தான். நான்கு விரல்களும் நான்கு கீறல்களில் போய்ப் பொருந்தின. மூச்சு வாங்கும் சத்தம் அவன் காதருகே கேட்டது. டீச்சருக்கும் கேட்டது, அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கையைக் குடு! சின்னவளே, கையைக் குடு!"

எட்டிப் பிடிக்கிற தூரத்தில்தான் சின்னவள் நின்றாள். கையை மார்பில் கட்டிக்கொண்டு நின்றாள்.

"முதல்ல சொல்லுங்க."

"என்ன சொல்லணும்? வழுக்குது, பிடி!"

செருப்பின் முனை கடைசிப் பலகையைத் தாண்டி வெளியே நீட்டியது. தூணிலிருந்து ஒவ்வொரு விரலாகப் பெயர்ந்தது.

"நான்தான்!" என்று அலறினான். "நான்தான் தள்ளினேன்! எத்தனை நாள் தூக்கிச் சுமக்கறது? எத்தனை நாள்? வேண்டாம் வேண்டாம்னு பிரேக்கைப் போட்டுக்கிட்டு... தூணைப் பிடிச்சுக்கிட்டு... விரலை ஒவ்வொண்ணாப் பிரிச்சு..."

அவனால் முடிக்க முடியவில்லை. முடிக்க வேண்டிய தேவையும் இல்லை. டீச்சர் ஏற்கெனவே போனை எடுத்துவிட்டிருந்தாள்.

சின்னவள் இரண்டே எட்டில் போய் அவன் சட்டைக் காலரைக் கொத்தாகப் பிடித்தாள். இந்தப் பக்கம் இவள் இழுக்க, அந்தப் பக்கம் பலமாக ஒன்று இழுத்தது. சட்டை கிழிகிற சத்தம் கேட்டது.

"அக்கா, விடு," என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. "விடுக்கா. இவன் இவ்வளவு சுலபமாப் போயிடக் கூடாது."

கொஞ்ச நேரம் எதுவும் மாறவில்லை. பிறகு அந்தப் பிடி, மனசே இல்லாமல், தளர்ந்தது. அத்தான் தளத்தில் விழுந்து குழந்தை மாதிரி அழுதான். யாரும் தேற்றவில்லை.

போலீஸ் வந்து ஆறு பலகைகளையும் தூணையும் அறுத்து எடுத்துக்கொண்டு போனது. டீச்சர் மறுநாளே ஊரைவிட்டுப் போய்விட்டாள். போகும்போது சின்னவளின் கையைப் பிடித்து ஒருமுறை அழுத்திவிட்டுக் கிளம்பினாள். அத்தான் சிறைக்குப் போனான். சின்னவளுக்கு ஆத்திரம் ஆறும் என்று நினைத்தாள். ஆறவில்லை. ராத்திரி படுத்தால் போனில் கேட்ட அக்காவின் குரல்தான் காதில் கிடந்தது.

மூன்று வாரம் கழித்து வேறொரு வேலைக்குப் போனாள். ஒரு துணிக்கடைக்காரரின் வீடு. மாடி அறையின் மரத்தரையைப் புதுப்பிக்க வேண்டும். கடைக்காரர் அறை வாசலிலேயே நின்று எதை எப்படிச் செய்ய வேண்டும் என்று அவளுக்கே பாடம் எடுத்தார். அவர் மனைவி ஒரு ஓரமாகத் தண்ணீர்ச் செம்போடு நின்றாள். இடது கையில் மாவுக்கட்டு.

"படியில வழுக்கிட்டா," என்றார் கடைக்காரர், யாரும் கேட்காதபோதே. "கவனமே கிடையாது."

மனைவி தலை குனிந்துகொண்டாள்.

சின்னவள் ஜன்னலோரம் மண்டியிட்டு, ஒரு சாண் அகலத்துக்கு மட்டும் மருந்தைப் பூசிவிட்டுக் காத்திருந்தாள். இருபது நிமிடம் ஆக வேண்டும். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

காய்ந்து கிடந்த பலகைகளில் சாயம் கொப்புளிக்கத் தொடங்கியது. ஜன்னலிலிருந்து வாசலை நோக்கி, இரண்டு வரிசையாக, அவசரமே இல்லாமல் போய், கடைக்காரரின் கால் கட்டைவிரலுக்கு ஒரு விரற்கடை முன்னால் நின்றது. அவர் பேச்சு பாதியில் அறுந்தது.

சின்னவள் பிரஷ்ஷைக் கீழே வைத்தாள். "அம்மா," என்றாள் அந்தப் பெண்ணைப் பார்த்து, "கை எப்படி உடைஞ்சதுன்னு நீங்க சொல்லுங்க."

அந்தப் பெண் நிமிர்ந்தாள். ஆனால் அவள் சின்னவளைப் பார்க்கவில்லை, தரையையும் பார்க்கவில்லை. மண்டியிட்டிருந்த சின்னவளின் தலைக்குச் சற்று மேலே, பின்னால், வெறும் காற்றைப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவள் கண்ணில் பயம் குறைந்துகொண்டே வந்தது.

"சொல்றேன்," என்றாள். "முதல்ல அவங்க நாற்காலியை வெயில் படாம கொஞ்சம் தள்ளி வைங்க. உங்ககூட வந்திருக்கிறவங்க, அவங்க யாரு?"