அலுமினியத்துக்கு அந்தப் பக்கம்

முதலில் வந்தது நாற்றமா ஈரமா என்று டெய்சியால் இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஒரு நாள் நாற்றம்தான் என்று தோன்றும். மறுநாள், இல்லை, ஈரம்தான், நாற்றம் பிறகு நானாகச் சேர்த்துக்கொண்டது என்று தோன்றும். படகு வந்து நான்காவது நாள் என்பது மட்டும் நினைவிருக்கிறது. கத்திரி வெயில். வேப்பிலைகளின் மேல் சுண்ணாம்புத் தூசி படிந்து, மத்தியான வெளிச்சத்தில் மரமே வெளுத்துப்போய் நின்ற நேரம். முற்றத்தில் கவிழ்த்து வைத்திருந்த அலுமினியப் படகின் மேல், துவைத்த துணி எதையோ காயப்போடக் கையை வைத்தாள். சுட்டுவிடும் என்று எதிர்பார்த்த உள்ளங்கைக்கு அது சில்லென்றிருந்தது. கையை எடுத்தபோது விரல்களுக்கு நடுவே சளி போல ஒன்று நூலாக இழுபட்டு அறுந்தது.

இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவினாள். ஆனாலும் மதியம் ரசத்தைச் சோற்றில் பிசைந்து வாயருகே கொண்டுபோனபோது விரலிடுக்கிலிருந்து வாடை எழுந்தது. மீன் வாடை என்றால் அவள் பொறுத்திருப்பாள். இது யாரோ வெகுநாள் பல் துலக்காமல், பேசாமல், வாயை இறுக மூடி வைத்திருந்து, அவள் முகத்துக்கு நேராகத் திறந்ததைப் போன்ற வாடை. சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள்.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் படகு போய்விடும். படகு போனால் லியோ மறுபடியும் கட்டிலுக்குப் போய்விடுவான்.

அவள் கணவன் லியோ பிரபு அரியலூரில் சிமெண்ட் லாரிகளுக்கு டிங்கர் வேலை பார்த்தவன். போன ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை மதியமே பட்டறையைப் பூட்டிவிட்டு வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் சுவரைப் பார்த்துப் படுத்தான். சண்டை இல்லை, சாவு இல்லை, காரணம் என்று ஒன்றும் இல்லை. திருச்சி டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். தட்டை வைத்தால் பாதி சாப்பிடுவான். கேட்டால் பதில் வராது. செந்துறை ரோட்டுப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு எடுக்கும் டெய்சி, சாயங்காலம் வீடு திரும்பியதும் செருப்போடு வாசலில் நின்றபடி போர்வை ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பாள். அதன் பிறகுதான் பையைக் கீழே வைப்பாள். ஏழு மாதம் இப்படிப் போயிற்று.

அப்போதுதான் நல்லுசாமி வந்தார். தோண்டிக் கைவிட்ட சுண்ணாம்புக்கல் குழி ஒன்றில் தேங்கிய தண்ணீரைக் குத்தகைக்கு எடுத்து மீன் வளர்ப்பவர். கோடையில் தண்ணீர் இறங்கியதும் அடியில் ஒரு பழைய படகு கவிழ்ந்தபடி தெரிந்ததாம், யாருடையது என்று ஒருவருக்கும் தெரியவில்லையாம், ஓட்டை அடைத்தால் வலை போட ஆகும் என்றார். இவர் இப்போது வேலை எதுவும் செய்வதில்லை என்று டெய்சி சொல்லிக்கொண்டிருக்கும்போதே உள்ளறையிலிருந்து குரல் வந்தது.

"எங்க கெடக்கு?"

ஏழு மாதத்துக்குப் பிறகு வந்த குரல். நல்லுசாமியின் ஆட்கள் குட்டியானை வண்டியில் ஏற்றி வந்து இறக்கியது சவப்பெட்டியாக இருந்திருந்தாலும் டெய்சி நன்றி சொல்லியிருப்பாள்.

லியோ குளித்தான், முகம் மழித்தான், சுத்தியலைத் தேடி எடுத்தான். நான்கு ஹாலோ பிளாக் கற்களின் மேல் படகைக் கவிழ்த்து வைத்து, அடியில் சாக்கை விரித்து மல்லாந்து படுத்து வேலை செய்தான். உட்காரும் பலகைகளுக்குள் மிதப்பதற்காக அடைத்திருந்த பஞ்சை முதலில் பிய்த்து வெளியே தள்ளினான். வெள்ளையாக இருந்திருக்க வேண்டிய பஞ்சு, கழுவாமல் ஒரு நாள் வைத்த ஆட்டுக்குடலைப் போலக் கறுத்து, மடிப்பு மடிப்பாக, தொட்டால் வெதுவெதுவென்று வந்தது. டெய்சி முறத்தில் அள்ளிக் கொல்லையில் புதைத்தாள். மறுநாள் தெருநாய் ஒன்று அதைத் தோண்டித் தின்றுவிட்டு, கக்கி, கக்கியதை மறுபடியும் தின்றுகொண்டிருந்தது. அவள் கல்லெறிந்தும் அது நகரவில்லை.

பக்கத்து வீட்டு சம்பூர்ணம் மூக்கைப் பொத்திக்கொண்டு வேலியோரம் நின்று கேட்டாள். "என்ன டெய்சி, கொள்ளிடத்துலயே தண்ணியக் காணும், ஒங்க வூட்டுக்காரரு கப்பலு வுடப் போறாராமே?"

"வுட்டா மொத டிக்கெட்டு ஒங்களுக்குத்தான்க்கா," என்றாள் டெய்சி.

பஞ்சுக்குப் பிறகு ரிவிட் வேலை, தகடுகளைச் சேர்த்துப் பிடிக்கும் ஆணிகளை அடிப்பது. அதற்கு இரண்டு பேர் வேண்டும். வெளியே நிற்பவர் ரிவிட்டின் தலையில் கனமான இரும்புக் கட்டியை வைத்து அழுத்திக்கொள்ள வேண்டும். உள்ளே இருப்பவர் நீட்டிக்கொண்டிருக்கும் வாலைச் சுத்தியலால் அடித்துப் பரத்துவார். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. அதனால் லியோ தகட்டைத் தட்டியே பேசக் கற்றுக்கொடுத்தான். ஒரு தட்டு என்றால் இரும்பை வை. இரண்டு என்றால் முடிந்தது, அடுத்தது. மூன்று என்றால் நிறுத்து, என்னவோ ஆகிவிட்டது. அவன் மூன்று தட்டினால் முதல் இரண்டும் சேர்ந்து வரும். மூன்றாவது கொஞ்சம் தயங்கி, தாமதித்து வரும். அதுவும் அவனைப் போலவே.

கட்டிலில் கிடந்த ஏழு மாதத்தில் பேசாததை எல்லாம் அவன் அந்தத் தகட்டின் வழியாகப் பேசுவதாக டெய்சிக்குத் தோன்றியது. இரும்பின் வழியாக அதிர்வு அவள் மணிக்கட்டுக்கு ஏறி, தோளுக்கு வரும். நாற்றத்தை மறக்க வாயால் மூச்சுவிட்டுக்கொண்டே அவள் சந்தோஷமாக இருந்தாள். ஒரு நாள் நான்கு தட்டல் வந்தது, துள்ளலாக, விளையாட்டாக. கணக்கில் இல்லாத அந்த நான்கைக் கேட்டு அவள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் லியோ கேட்டான். "எதுக்கு சிரிச்ச?"

"நீங்க நாலு தட்டுனீங்கல்ல?"

"நாலா?" என்றான். பிறகு கை கழுவப் போனான்.

சனிக்கிழமை மூன்று மணி இருக்கும். வெயிலில் தெருவே அடங்கிக் கிடந்தது. டெய்சி துணி மடித்துக்கொண்டிருந்தபோது ஒரு தட்டு கேட்டது. போய் இரும்பை வைத்தாள். அடி விழுந்தது. இரண்டு தட்டு. நகர்த்தினாள். அன்று அடி வழக்கம்போல் கணீரென்று இல்லாமல், எலும்பை அரைப்பது போல நறநறவென்று, இழுத்து இழுத்து விழுந்தது. சுத்தியலை மாற்றியிருப்பான் என்று நினைத்தாள். பதினோரு ரிவிட் ஆயிற்று. வியர்வையைத் துடைக்க நிமிர்ந்தபோது, பைக்கைத் தள்ளிக்கொண்டு லியோ வாசலுக்குள் வந்தான். கைப்பிடியில் டீ பொட்டலம் தொங்கியது. தோளில் மாட்டிய பைக்குள் சுத்தியல்.

"எப்பங்க போனீங்க?"

"சாப்புட்டு ஒடனே கெளம்பிட்டேனே. ரிவிட் வாங்க. சொல்லிட்டுத்தான போனேன்."

அவள் கையிலிருந்த இரும்பு இன்னும் தகட்டோடு ஒட்டியிருந்தது. எடுத்தபோது பிசுக்கென்றது. லியோ அவள் முகத்தைப் பார்த்தான், வரிசையைப் பார்த்தான், குனிந்து செல்போன் வெளிச்சத்தை உள்ளே அடித்துப் பார்த்தான். அவன் முதுகு வெகுநேரம் அசையவே இல்லை.

"நல்லா அடிச்சிருக்கு," என்றான்.

அவ்வளவுதான் சொன்னான். அவன் போனபின் டெய்சி அடியில் கையை விட்டு ஒரு ரிவிட்டின் வாலைத் தடவினாள். சுத்தியல் பட்டால் வழவழப்பாக இருக்கும். இது பள்ளம் பள்ளமாக இருந்தது. அந்தப் பள்ளங்களை அவள் விரல்களுக்கு நன்றாகத் தெரியும். வகுப்பில் பிள்ளைகள் கடித்துக் கடித்து வைக்கும் ரப்பர் பென்சிலின் தகர வளையத்தில் தினமும் தொடுவதுதான். பல் தடம். குழந்தைப் பல் இல்லை. பெரியவர்கள் பல்லும் இல்லை. எல்லாம் ஒரே அளவில், மிக நெருக்கமாக. பள்ளங்களில் எச்சில் இன்னும் காயவில்லை.

கிணற்றடிக்குப் போய், தோல் சிவக்கும்வரை விரல்களைக் கல்லில் தேய்த்துக் கழுவினாள்.

நல்லுசாமிக்குப் போன் செய்து, படகை எடுத்துக்கொண்டு போகும்படி கேட்டாள். தனக்குப் படகு வேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார் அவர். குரலில் ஏதோ அவசரம் இருந்தது. அவள் விடாமல் காரணம் கேட்டபோது, அவர் திருப்பிக் கேட்டார்.

"தம்பி இப்ப எந்திரிச்சி நடமாடுறாப்லயா?"

"ஆமாங்க."

"அப்பறம் என்னங்க. வுடுங்க."

பழைய இரும்புக் கடைக்காரரை ஆறு மணிக்கு வரச் சொன்னாள். லியோ குளித்துக்கொண்டிருந்தான், அவன் வெளியே வருவதற்குள் வண்டி போய்விட வேண்டும். ஆனால் வண்டிக்கு முன்னால் அவன் வந்துவிட்டான். தலையைப் படிய வாரி, அவள் பார்த்து எத்தனையோ நாளான அந்த நீலச் சட்டையைப் போட்டிருந்தான்.

"டெய்சி, நீ சாப்புட்டியா? மொகமே வாடிக் கெடக்கு."

சுவரைப் பார்த்துப் படுத்தவன் அந்த ஏழு மாதத்தில் ஒருநாளும் அவள் முகத்தைப் பார்த்ததில்லை. அவள் அடுப்படிக்குப் போய், மெல்லிய குரலில் கடைக்காரரிடம் வரவேண்டாம் என்று சொல்லி போனை வைத்தாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பூசைக்குப் போய்வந்து, மதியச் சாப்பாடு முடிந்து, லியோ படகுக்கு அடியில் போனான். அவள் தன் கண்ணால் பார்த்தாள். செருப்பைக் கழற்றினான். சாக்கில் மல்லாந்தான். கால்களை உள்ளே இழுத்துக்கொண்டான். கடைசி வரிசை, பதினாறு ரிவிட்.

ஒரு தட்டு. வைத்தாள். கணீர் கணீரென்று அடி. இரண்டு தட்டு. நகர்ந்தாள்.

ஒன்பதாவதில் அடி பாதியில் நின்றது.

உள்ளே சாக்கு இழுபடும் சத்தம். பிறகு, ஈரமான அகன்ற எதுவோ தகட்டின் மேல் வழுக்கிக்கொண்டு போகும் சத்தம். இரண்டு பேரின் மூச்சு. ஒன்று திணறியது. மற்றது நிதானமாக இருந்தது.

தலைமாட்டுப் பக்கம் மூன்று தட்டல். முதல் இரண்டும் சேர்ந்து. மூன்றாவது தயங்கி.

அதே நேரம், அவள் வயிற்றுக்கு நேராக, ஒரு தட்டல். தெளிவாக. திடமாக.

படகு கனமே இல்லை. ஒரு கையால் புரட்டிவிடலாம். அவளுக்குத் தெரியும்.

மறுபடியும் மூன்று. மெலிந்து.

மறுபடியும் ஒன்று.

மூன்று தட்டுபவன் யார் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. சுவரைப் பார்த்துப் படுத்தவன். அவள் வைத்த தட்டில் பாதியை மிச்சம் வைத்தவன். ஒன்று தட்டுவதோ அன்று நான்கு தட்டி அவளைச் சிரிக்க வைத்தது.

இப்போது நான்கு. துள்ளலாக.

டெய்சி இரும்பை வைத்தாள். இரண்டு கையாலும் அழுத்தினாள்.

நறநற.

இரண்டு தட்டு. அடுத்தது.

நறநற. அடுத்தது.

பதினாறும் முடிந்தது.

லியோ ஊர்ந்து வெளியே வந்தான். அதே முகம். அதே சட்டை. நின்று சோம்பல் முறித்து, அவளைப் பார்த்துச் சிரித்தான். பல்லிடுக்கெல்லாம் அலுமினியத் தூள் வெயிலில் மினுங்கியது. டீ போடச் சொன்னான். படகின் மேல் சாய்ந்துகொண்டே குடித்தான். அவன் முதுகுக்குப் பின்னால், தகட்டுக்கு அந்தப் பக்கம், மூன்று தட்டல் கேட்டது.

"எலி," என்றான்.

"ம்," என்றாள்.

சாயங்காலத்துக்குள் நான்கு கற்களையும் உருவிப் படகைத் தரையில் இறக்கினார்கள். ஒரு பக்கத்தை டெய்சி பிடித்துக்கொண்டாள். குனியவில்லை. காற்றில் ஆடுகிறது என்று சொல்லி, அவன் சிமெண்ட் குழைத்து விளிம்பைச் சுற்றிப் பூசினான்.

நல்லுசாமி குத்தகையை விட்டுவிட்டு இப்போது திருப்பூரில் மகனோடு இருக்கிறார். ஏலாக்குறிச்சி மாதா கண் திறந்துவிட்டாள் என்று சம்பூர்ணம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். பட்டறை திறந்தாயிற்று. லியோ நிறையப் பேசுகிறான், தட்டை வழித்துச் சாப்பிடுகிறான், மீனை முள்ளோடு மெல்லுகிறான். முத்தம் கொடுக்க வரும்போது டெய்சி மூச்சைப் பிடித்துக்கொள்கிறாள், பழகிவிட்டது. பள்ளி திறந்துவிட்டது, அதே இரண்டாம் வகுப்புதான். அடியில் போனவன் அடியிலேயே இருக்கிறான்.

புதுப் பூச்சுக்கு ஏழு நாள் தண்ணீர் ஊற்றவேண்டும், இல்லாவிட்டால் வெடித்துவிடும். காலையும் மாலையும் டெய்சிதான் ஊற்றினாள். ஐந்தாம் நாள் தட்டல் நின்றது. ஏழு நாள் முடிந்து எத்தனையோ வாரமாகியும் அவள் குடத்தோடு போய்க்கொண்டுதான் இருக்கிறாள். தலைமாட்டு மூலையில் பூச்சு சரியாகப் பிடிக்கவில்லை. அங்கே விழும் தண்ணீர் வழிந்தோடாமல் உள்ளே இறங்கும். கொஞ்ச நேரம் கழித்து, தகட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, வறண்ட நாக்கு சிமெண்டை நக்கும் சத்தம் கேட்கும். அந்த மூலைக்கு மட்டும் அவள் ஒரு செம்பு கூடுதலாக ஊற்றுகிறாள்.