பெடல் மேல் ஒரு கால்

வண்டியைத் தகுதிச் சோதனைக்குக் கொண்டுபோவதற்கு முந்தின நாள், லாரிக்காரர்கள் பாடு கல்யாண வீட்டுக்காரன் பாடுதான். எதைத் துடைப்பது, எதற்குப் பூச்சு அடிப்பது என்று கையும் ஓடாது காலும் ஓடாது. இவனும் மத்தியானத்திலிருந்து அந்தத் தகரக் கொட்டகைக்குள் அல்லாடிக்கொண்டிருந்தான். கையில் இருந்ததையெல்லாம் போட்டு வாங்கிய பழைய லாரி. நாளைக்குத் தேறாவிட்டால் ஓட விடமாட்டார்கள். ஓடாவிட்டால் வீட்டில் அடுப்பு எரியாது.

விற்றவன் அதைப் பெருமையாகத்தான் சொல்லியிருந்தான். "எங்கப்பா ஓட்டின வண்டிங்க. இறக்கத்துல நெஞ்சு வலிச்சு உசுரு போனப்பகூட பிரேக்குலேர்ந்து காலை எடுக்கல. செத்தப்புறம் நாலு பேரு சேந்துதான் அந்தக் காலைப் பிரிச்சோம்."

"பொறுப்பான மனுஷன்," என்று சொல்லிச் சிரித்துவிட்டு வண்டியை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டான் இவன்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. பொழுது சாயும் முன்பே கொட்டகைக்குள் இருட்டு ஏறியது. டீசலும் ஈரமண்ணும் கலந்து நாறின.

"மாப்ளே, ஏறி உக்காரு. பிரேக்கைப் பாத்துடலாம்."

மனைவியின் தம்பி ஏறி உட்கார்ந்து, பெடலை மிதித்தபடி ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிட்டான். என்ஜின் இரைச்சலில் பேச்சு எடுபடாது என்பதால் அவர்களுக்குள் ஓர் ஏற்பாடு உண்டு. அடியில் படுத்திருப்பவன் ஸ்பானரால் ஒரு தட்டு தட்டினால் மிதிக்க வேண்டும். இரண்டு தட்டினால் விட வேண்டும். மேலே இருப்பவன் குதிகாலால் ஓர் இடி இடித்துச் சரி என்பான்.

இவன் வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தான். அந்த மிதியிலேயே பார்த்ததில் முன்சக்கரங்களில் குறையில்லை. மல்லாந்தபடியே நகர்ந்து பின்சக்கரத்துக்கு முன்னால் வந்து, ஒரு தட்டு தட்டினான்.

மேலே குதிகால் இடித்தது. காற்று சீறியது. பிரேக் இன்னும் இறுகக் கவ்வியது.

என்றைக்கும் அவசரக் குடுக்கையான பயல் இன்றைக்கு எவ்வளவு ஒழுங்காக மிதிக்கிறான் என்று அவனுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

அப்போது கொட்டகை வாசலில் இரண்டு கால்கள் வந்து நின்றன. சேறு படிந்த நீல ரப்பர் செருப்பு.

மாப்பிள்ளையின் செருப்பு.

மாப்பிள்ளை குனிந்து கத்தினான். "மாமா, இண்டிகேட்டர் பல்பு கெடச்சிருச்சு! கடையை மூடிருவாங்களேன்னு ஓடினேன். சொன்னேனே, காதுல விழலியா?"

அவன் மேலே பார்த்தான். பிரேக் இன்னும் இறுகியே இருந்தது.

சக்கரத்துக்குக் கட்டை கொடுத்திருக்கிறோமே என்று மனசைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தான். கண் சுவரோரம் போனது. கட்டைகள் இரண்டும் அங்கேதான் இருந்தன. இன்ஸ்பெக்டர் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியட்டும் என்று மஞ்சள் பெயிண்ட் அடித்து, காய வைத்தவனே அவன்தான். திரும்ப எடுத்து வைக்க மறந்துபோனான்.

தண்ணீர் வடிவதற்காகத் தரையை வாசல் பக்கம் சரிவாகப் போட்டிருந்தார்கள்.

அவ்வளவு பெரிய லாரியை ஒரே ஒரு கால்தான் பிடித்துக்கொண்டிருந்தது.

"மாப்ளே… ஓரமாப் போ," என்றான். காற்றுதான் வந்தது. கையை ஆட்டிக் காட்டினான். மாப்பிள்ளை ஒதுங்கினான். மூச்சைப் பிடித்துக்கொண்டு அங்குலம் அங்குலமாக வெளியே நகர்ந்தான். எதன் மேலும் எதுவும் பட்டுவிடக் கூடாது.

கை வியர்த்தது. ஸ்பானர் நழுவியது.

டக்.

எகிறி மறுபடி விழுந்தது.

டக்.

மேலே குதிகால் இடித்தது. சரி.

புஸ்ஸ்ஸ்…

லாரி உருண்டது. அவன் புரண்டு வெளியே விழுந்தான். அவன் சட்டைக் கையை அரைத்துக்கொண்டு சக்கரம் போனது. வாசலைத் தாண்டிச் சமதரைக்கு வந்த நேரம், மறுபடி காற்று சீறி, வண்டி தானாக நின்றது.

கதவைத் திறந்தார்கள். உள்ளே யாரும் இல்லை. அடியோடு அமுங்கியிருந்த பெடல், அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெல்ல மேலே எழும்பியது.

"யாரு மாமா உள்ள?" என்று கிசுகிசுத்தான் மாப்பிள்ளை.

பயந்துகொண்டு வீட்டில் உட்கார்ந்தால் யார் சோறு போடுவார்கள்? மறுநாள் காலையில் சோதனைக்கு வண்டியைக் கொண்டுபோனான். நல்ல வெயில். சக்கரங்களுக்கு மஞ்சள் கட்டைகள் கொடுத்தாகிவிட்டது. இன்ஸ்பெக்டர் அடியில் நுழைந்தார்.

"மிதிங்க!"

மிதித்தான்.

"அடேயப்பா, நல்லாப் புடிக்குதே. சரி, விடுங்க!"

விட முடியவில்லை.

"விடுங்கன்னு சொல்றேன்ல!"

குனிந்து பார்த்தான். பெடலில் அவன் கால் மட்டும்தான் இருந்தது. ஆனால் அதன் மேல் இன்னொரு பாதத்தின் கனம், சில்லென்று, இன்னும் அழுத்திக்கொண்டே இருந்தது.