பதினான்காம் எண்ணில் இருந்தவர்

வலது தோளிலிருந்து சுண்டுவிரல் வரை ஸ்னெஷாவுக்கு ஒரே இழுப்பாக இழுத்தது. ஐம்பத்து மூன்று மேற்கோள்களுக்கு நேற்று முழுநாளும் புள்ளியும் காற்புள்ளியும் வைத்த வலி. பல்கேரியாவின் பிளோவ்திவ் நகர வேளாண் ஆய்வு நிலையத்திலிருந்து வெளியே போகும் ஒவ்வொரு கட்டுரைக்கும் மேற்கோள் பட்டியலைச் சீராக்குவது அவள் வேலை. தக்காளி டப்பா ஆலையில் பெட்டி தூக்கிய காலத்திலும் இதே தோள்தான் வலித்தது. அங்கே உட்கார விடமாட்டார்கள். இங்கே எழுந்திருக்க விடமாட்டார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

வெள்ளிக்கிழமை, காலை 9.40. திராட்சைக்கொடியின் வேரழுகல் பற்றிய கட்டுரை மாலை ஐந்துக்குள் வெளிநாட்டு ஆய்விதழுக்குப் போக வேண்டும். அனுப்பும் முன் கடைசியாக ஒருமுறை பார்த்தாள். இரண்டாம் அட்டவணை படமாக ஒட்டப்பட்டிருந்தது. அதில் இத்தாலியத் தோட்டங்களின் கணக்குக்கு மேற்கோள் எண் 22 என்றிருந்தது. பட்டியலிலோ 22ஆம் எண்ணில் ஹங்கேரிக்காரர்கள். இத்தாலியர்கள் 21இல் இருந்தார்கள்.

பட்டியலை எண்ணினாள். ஐம்பத்து இரண்டு. மறுபடி எண்ணினாள். அதே ஐம்பத்து இரண்டு.

நேற்று மாலை 5.50க்கு அச்செடுத்த தாளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். காணாமல் போனது பதினான்கு: கிரோஸ்தான் மித்தெவ், 1987, நிலையத்தின் சொந்தச் செய்தி மடலில் மூன்று பக்கக் குறிப்பு. கட்டுரைக்குள்ளும் ஒரு வரி மாறியிருந்தது. "மித்தெவ் முன்பே கண்டதுபோல" என்ற இடத்தில் "நாங்கள் முதன்முறையாகக் கண்டது" என்று இருந்தது. பதினான்குக்குப் பிறகு வந்த எண்களெல்லாம் ஒவ்வொன்று குறைந்து ஒழுங்காக வரிசையில் நின்றன. தானாக நடந்த பிழை இவ்வளவு நாசூக்காக இருக்காது.

10.15. ஸ்னெஷா சொல்லியனுப்பியதும் கணினி அறைக்கு மூன்று பேர் வந்தார்கள். ஆய்வகத் தலைவர் பேராசிரியர் கராஜோவ். அவருக்கு அடுத்தவர் ஆஸென். முனைவர் பட்ட மாணவி ரலித்சா. கட்டுரையில் இரண்டாவது பெயர் ரலித்சாவுடையது. இது வெளியே போகாவிட்டால் ஜூனில் அவள் ஆய்வேட்டை ஏற்கமாட்டார்கள்.

"கடைசியா சேமிச்சது எத்தன மணிக்கு?" என்றார் பேராசிரியர்.

"இன்னிக்குக் காலைல எட்டு பன்னெண்டு," என்றாள் ஸ்னெஷா.

"அப்ப இந்த ரூம்ல யாரு?"

"நான்தான் சார்," என்றாள் ரலித்சா. "எட்டு மணிக்கு வந்தேன். ஒரு படத்துக்குக் கீழ ஒரு சொல்லத் திருத்தினேன். பட்டியல் பக்கமே போகல."

"முதன்முறையாங்கற வார்த்தை யாருக்கு லாபம்? உன் ஆய்வேட்டுக்குத்தானே?"

"மித்தெவ் குறிப்பக் கிடங்குல தேடி எடுத்து சேத்ததே நான்தான் சார்! நானே ஏன் எடுக்கப் போறேன்?"

"சேத்த பெறகுதான் தெரிஞ்சிருக்கும், அது உனக்கே வெட்டின குழின்னு. ஸ்னெஷாம்மா, இருக்கறத அனுப்பிடு. இவ பேர மட்டும் எடுத்துடு."

ஸ்னெஷா ஆஸென் பக்கம் திரும்பினாள்.

"என்னப் பாக்காதீங்கக்கா. நான் வரும்போதே எட்டு அம்பது. வாட்ச்மேன் நோட்டுல இருக்கு. எம்பொண்டாட்டிகூட என்னை இவ்ளோ உத்துப் பாத்ததில்ல."

"நீங்க, ப்ரொபசர்?"

"என்னையா கேக்கற? மேற்கோளுக்கு எண் போடற அந்த மென்பொருள் எனக்குத் தெரியாதுன்னு ஊருக்கே தெரியும். நான் பென்சில்காரன். கடிதம்னா ரெண்டு விரல்ல அடிப்பேன், அவ்ளோதான்."

ரலித்சா, பல்கேரியர்கள் மறுக்கும் விதத்தில் தலையை மேலும் கீழும் அசைத்து, இல்லை இல்லை என்றாள். யார் சொன்னதற்கு என்று தெரியவில்லை. கண் நிறைந்திருந்தது.

"அழாதடி," என்றாள் ஸ்னெஷா. "அழுதா எண்ணு திரும்பி வந்துடுமா?"

11.30. காவலாளியின் நோட்டைப் புரட்டினாள். முந்தின நாள் 6.05: ஸ்னெஷா சாவி ஒப்படைத்தாள். இன்று 6.30: கராஜோவ், வழக்கம்போல முதல் ஆள். 8.00: ரலித்சா. 8.50: ஆஸென். திரும்பி வந்து கோப்பைத் திறந்து ஒவ்வொரு எண்ணாகச் சொடுக்கினாள். ஒன்று முதல் பதிமூன்று வரை, தொட்டதும் பின்னால் சாம்பல் நிறம் படர்ந்தது. பதினான்கிலிருந்து எதிலும் படரவில்லை. அப்படி எண் அடிக்கப்பட்டிருந்த இடங்களை எண்ணினாள். நூற்றுப் பதினெட்டு.

தன் கணினியில் தனியாகச் சேமித்திருந்த நேற்றைய பிரதியில் தானே செய்து பார்த்தாள். மென்பொருளில் ஒரு மேற்கோளை எடுக்க ஒரு நொடி. எண்களெல்லாம் தாமாக நகர்ந்தன. கையால் மாற்ற, வேகமாகத் தட்டும் அவளுக்கே ஐம்பது நிமிடம். தோள் மறுபடி கெஞ்சியது.

4.10. மூன்று பேரையும் கூப்பிட்டாள்.

"இத செஞ்சவங்க மென்பொருளத் தொடல," என்றாள். "அது போட்ட எண்ணத் தொட்டா சாம்பல் வரும். பதினாலுலேருந்து வரல. ஒருத்தர் உக்காந்து நூத்திப் பதினெட்டு இடத்துல ஒண்ணொண்ணா அடிச்சிருக்காரு. ரலித்சாவுக்கு இருந்தது பன்னெண்டு நிமிஷம். அவளுக்கு மென்பொருள் தெரியும், ஒரு நொடில முடிச்சிருப்பா. அவ கை பட்டிருந்தா எண்ணெல்லாம் உயிரோட இருந்திருக்கும்."

"அப்ப யாரு?" என்றார் ஆஸென். கேட்டுவிட்டுத் தரையைப் பார்த்தார்.

"மென்பொருள் தெரியாதவர். ரெண்டு விரல்ல கடிதம் அடிக்கத் தெரிஞ்சவர். ஆறரைலேருந்து எட்டு மணிவரைக்கும் இந்தக் கட்டடத்துல தனியா இருந்தவர். அட்டவணை படம், அதுக்குள்ள அடிக்க முடியாது, அதனால அங்க மட்டும் பழைய எண் நின்னுபோச்சு. எனக்குத் தெரியாதுன்னு நீங்க சொன்னீங்க பாருங்க ப்ரொபசர், அதுதான் சாட்சி."

பேராசிரியர் நாற்காலியில் சாய்ந்தார்.

"மித்தெவ் யாருன்னு தெரியுமா உங்களுக்கு? வேர் தோண்டற கூலியாள். பதினோரு வருஷம் நம்ம தோட்டத்துல மண்வெட்டி பிடிச்சவன். மூணு பக்கம் எழுதிட்டான்னு அவன் பேரு என் பேருக்கு மேல போகணுமா? பதினோரு கட்டுரை போட்டிருக்கேன் இதப் பத்தி. ஒண்ணுலகூட அவன் இல்ல, ஒருத்தன் கேக்கல. இந்தப் பொண்ணு வந்து கிடங்கத் தோண்டிட்டா."

"அவர் தோண்டினாரு, நீங்க எழுதினீங்க," என்றாள் ஸ்னெஷா. "நேத்துப் பிரதி, இன்னிக்குப் பிரதி, ரெண்டும் எங்கிட்ட இருக்கு. இப்ப எது போகணும்?"

அவர் நேற்றைய தாளைக் கையால் காட்டினார். அனுப்பு என்பதுபோல.

4.52க்குக் கட்டுரை போனது. ஐம்பத்து மூன்று மேற்கோள்கள். பதினான்கில் மித்தெவ். இரண்டாவது பெயர் ரலித்சா.

எல்லோரும் போன பிறகு ஸ்னெஷா அலமாரியிலிருந்து பேராசிரியரின் பழைய கட்டுரைகளை இறக்கி, பட்டியல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பதினொன்றிலும் மித்தெவ் இல்லை. அவற்றில் ஒன்பதின் பட்டியலை ஒழுங்காக்கிப் புள்ளி வைத்தது அவள்தான். எண்கள் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்தாளே தவிர, யார் விடுபட்டார் என்று ஒருநாளும் கேட்டதில்லை. அச்சாகிவிட்ட அந்தப் பதினொரு கட்டுரைகளிலும் கிரோஸ்தான் மித்தெவுக்கு ஒவ்வொரு வரி கடன் நிற்கிறது. அதில் ஒன்பது ஸ்னெஷாவின் கணக்கில்.