இன்னும் எத்தனை ரவுண்டு?

நடக்கிற போட்டியில் குழம்புவதற்கு என்ன இருக்கிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஒரு காலை எடுத்து வைக்க வேண்டும், அடுத்த காலை எடுத்து வைக்க வேண்டும். அவ்வளவுதானே?

அவ்வளவு இல்லை. பல நாடுகள் கலந்துகொண்ட தடகளப் போட்டியில், பெண்கள் வேகநடை இறுதிச் சுற்றில் என் அம்மா நடந்தாள். அன்று காலை எனக்குத் தலைகால் புரியவில்லை.

முதல் குழப்பம், ஓடக் கூடாது. ஒரு கால் எப்போதும் தரையில் இருக்க வேண்டும். முன்னே வைக்கும் காலில் முழங்கால் மடங்கக் கூடாது. இதைப் பார்க்க வழி நெடுக நடுவர்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நிற்பார்கள். சந்தேகம் வந்தால் மஞ்சள் அட்டையைக் காட்டுவார்கள். தப்பு உறுதியானால் சிவப்பு அட்டை. அது பெரிய பலகையில் அவரவர் எண்ணுக்கு நேரே ஏறிவிடும். மூன்று சிவப்பு ஏறினால் ஓரத்தில் ஒரு கட்டத்துக்குள் இரண்டு நிமிடம் சும்மா நிற்க வேண்டும். நான்கு ஏறினால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

போன வருடம் அம்மாவுக்கு நான்கு ஏறிவிட்டது. முடிக்க ஒரே ஒரு சுற்று இருந்தபோது வெளியே அனுப்பிவிட்டார்கள். ஊருக்கு வந்தும் ஒரு வாரம் யாருடனும் சரியாகப் பேசவில்லை.

"மெடல் எல்லாம் எனக்கு வேண்டாம். இந்தத் தடவை அந்தக் கோட்டைத் தாண்டிட்டாப் போதும்" என்று கிளம்பும்போது சொன்னாள்.

இரண்டாவது குழப்பம், யார் முன்னால் போகிறார்கள் என்பதே தெரியவில்லை. ஒரு கிலோமீட்டர் சுற்று, இருபது தடவை. நேராகப் போய், கோடியில் திரும்பி, சாலையின் மறுபக்கமாகத் திரும்பி வர வேண்டும்.

"அக்கா, அம்மாதான் ஃபர்ஸ்ட்!" என்று என் தம்பி பட்டாணி குதித்தான்.

"இல்லடா. அம்மாவுக்குப் பின்னாடி வர்றவங்கதான் ஃபர்ஸ்ட். அம்மாவைவிட ஒரு ரவுண்டு கூடுதலா நடந்துட்டாங்க."

"அப்ப பின்னாடி வர்றவங்க எப்படி ஃபர்ஸ்ட்?"

எனக்கே சரியாகப் புரியவில்லை. "சும்மா இருடா" என்றேன்.

கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு மின்பலகை இருந்தது. ஆனால் அது முதலில் போகிறவருக்கு இன்னும் எத்தனை சுற்று பாக்கி என்றுதான் காட்டும். மற்றவர்கள் தங்கள் கணக்கைத் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். எங்களோடு வந்த பயிற்சியாளர் சாலையின் அடுத்த கோடியில், தண்ணீர் மேசையை விட்டு நகரக் கூடாது. அதனால் எண்ணும் வேலை அப்பாவுடையது.

அது எப்போதும் அப்பாவின் வேலைதான். அம்மாவுக்குத் தபால் பட்டுவாடா வேலை. அது முடிந்ததும் எங்கள் தெருவைச் சுற்றிச் சுற்றி நடந்து பழகுவாள். அப்பாவின் கடிகாரம் பழுதுபார்க்கும் கடை வாசலில்தான் ஆரம்பிப்பாள். அம்மா கடையைத் தாண்டும்போதெல்லாம் அப்பா ஒரு தாளில் கோடு போட்டுவிட்டு, மிச்சம் எத்தனை என்று விரலைக் காட்டுவார். அம்மா அந்த விரலைத் தவிர வேறு எதையும் பார்க்க மாட்டாள்.

இங்கேயும் அப்படியேதான் செய்தார். வேலியோரமாக நாங்கள் நின்ற இடம், ஆரம்பத்துக்கும் முடிவுக்கும் பொதுவான கோட்டைத் தாண்டிப் பத்தடி தூரத்தில் இருந்தது. கையில் தாள், காதில் பென்சில்.

பந்தயம் சரியாக எட்டு மணிக்குத் தொடங்கியது. ஒன்பது இருபத்தைந்துக்கு அம்மா எங்களைத் தாண்டினாள். அப்பா கோடு போட்டுவிட்டு இரண்டு விரலைத் தூக்கினார்.

"பதினெட்டு முடிஞ்சுது! இன்னும் ரெண்டே ரெண்டு! ஒன்பது முப்பத்தஞ்சுக்கே முடிச்சுடுவா பாரு!"

எனக்கு அங்கேதான் இடித்தது. அம்மாவுக்கு ஒரு சுற்று ஐந்து நிமிடம். அன்று முழுவதும் அதே வேகம்தான். இருபது சுற்றுக்கு நூறு நிமிடம் ஆகும். ஒன்பது நாற்பதுக்குத்தானே முடிக்க வேண்டும்?

"அப்பா, ஒரு சந்தேகம்..."

"தொணதொணக்காதடி. எண்ணிக்கை விட்டுப் போயிடும்."

வீட்டில் எனக்குப் பட்டப்பெயரே தொணதொணப்புதான்.

அடுத்த முறை அம்மா வந்தபோது கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்பது முப்பது. அதே ஐந்து நிமிடம். அதற்குள் முதலிடக்காரர் பந்தயத்தை முடித்து, கோட்டருகே ஒரே ஆரவாரம். அப்பா ஒற்றை விரலைத் தூக்கிக் குதித்தார். அதைப் பார்த்ததும் அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு வேகத்தைக் கூட்டினாள். கை இரண்டும் பறந்தன.

பலகையில் அம்மாவின் எண்ணுக்கு நேரே ஏற்கெனவே இரண்டு சிவப்பு இருந்தது. வேகம் கூடினால் கால் தரையை விட்டுக் கிளம்பிவிடும்.

"அப்பா! கணக்கு தப்புப்பா!"

"என்னது? நான் கடிகாரக்காரன்டி! எனக்கே நேரம் பார்க்கச் சொல்லித் தர்றியா?"

"முதல் கோடு எப்பப்பா போட்டீங்க?"

"அம்மா நம்மளத் தாண்டினப்ப."

"எப்பத் தாண்டினாங்க?"

"துப்பாக்கி சுட்டதும்... கிளம்பி... நம்ம முன்னாடி..." அப்பா நிறுத்தினார். தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பேந்தப் பேந்த விழித்தார். "ஐயையோ! கிளம்பினப்பவே ஒரு கோடு போட்டுட்டேனே! அது ரவுண்டே இல்லையே!"

"அப்ப இன்னும் எத்தனை ரவுண்டு?" என்று பட்டாணி கேட்டான்.

அப்பா வேலியைப் பிடித்துக்கொண்டு அம்மாவின் பெயரைச் சொல்லிக் கத்தினார். ஒருவர் பின் ஒருவராக முடித்துக்கொண்டிருந்தார்கள். கூட்டத்தின் கைதட்டலில் அவர் குரல் எனக்கே கேட்கவில்லை. அம்மா திரும்பி வந்தால் கோட்டிலேயே நின்றுவிடுவாள். எங்கள் பக்கம் வரவே மாட்டாள்.

இங்கே நின்று கத்திப் பிரயோஜனம் இல்லை என்று எனக்குத் தோன்றியது. சத்தம் இல்லாத இடத்துக்குப் போக வேண்டும்.

"பட்டாணியப் பிடிச்சுக்கோங்க!" என்று சொல்லிவிட்டு வேலியோரமாக ஓடினேன். யார் யார் காலையோ மிதித்தேன். ஒரு குடைக்காரர் திட்டினார். சாலையின் பாதி தூரம் போனதும் கூட்டம் குறைந்தது. இன்னும் கொஞ்சம் போனால் ஆளே இல்லை. ஒரு நடுவர் மட்டும் நின்றிருந்தார்.

கோடியில் திரும்பி அம்மா மறுபக்கத்தில் வந்துகொண்டிருந்தாள். முகம் செக்கச்செவேல் என்று இருந்தது. நடுவர் குனிந்து அவள் காலையே பார்த்தார். மஞ்சள் அட்டை மேலே போனது.

"அம்மா! மெதுவா! இது கடைசி இல்ல! இன்னொரு ரவுண்டு இருக்கு!"

அம்மா திரும்பிப் பார்த்தாள். ஒன்றும் புரியாத முகம்.

"அப்பா... ஒண்ணு... காட்டினாரே!" அம்மாவுக்கு மூச்சு வாங்கியது.

"கிளம்பினதையும் சேர்த்து எண்ணிட்டாங்கம்மா! கோட்டுல நிக்காதே! சத்தியமா இன்னொரு முழு ரவுண்டு!"

நான் பக்கவாட்டில் ஓடிக்கொண்டே கத்தினேன். நான் ஓடுகிறேன், அவள் நடக்கிறாள். ஆனாலும் என்னால்தான் பிடிக்க முடியவில்லை! அவள் நம்பினாளா இல்லையா என்றே தெரியாமல் முதுகைப் பார்த்துக்கொண்டு ஓடினேன். கொஞ்ச தூரத்தில் அவள் தோள் இரண்டும் தளர்ந்து இறங்கின. வேகம் குறைந்தது. நடுவர் நிமிர்ந்து நின்றார்.

நான் மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோது அம்மா கோட்டை நெருங்கியிருந்தாள். பக்கத்தில் வந்தவர் கோட்டைத் தாண்டித் தரையில் விழுந்தார். அம்மாவும் கோட்டில் கால் வைத்தாள். ஒரு நொடி தடுமாறினாள். நிற்கப் போகிறாள் என்றே நினைத்தேன்.

வேலியோரம் அப்பா ஒரு கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு, மறு கையில் ஒற்றை விரலைத் தூக்கியபடி நின்றிருந்தார். அவர் தோளில் உட்கார்ந்திருந்த பட்டாணியும் ஒற்றை விரலைத் தூக்கியிருந்தான்.

அம்மா நிற்கவில்லை. எங்களைத் தாண்டும்போது அப்பாவைப் பார்த்து, "ரூமுக்கு வாங்க, பேசிக்கறேன்!" என்றாள்.

அப்பா தாளைச் சட்டைப்பைக்குள் திணித்தார். எனக்கோ அப்பாடா என்று இருந்தது. திட்டும் அளவுக்குத் தெம்பு மிச்சம் இருக்கிறதே!

அந்தக் கடைசிச் சுற்று ஆறு நிமிடத்துக்கு மேல் ஆனது. அம்மா பிடித்து வைத்திருந்த பலத்தையெல்லாம் முந்தின சுற்றிலேயே செலவழித்துவிட்டாள். கை ஆடவில்லை, தலை ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. அவளை மூன்று பேர் தாண்டிப் போனார்கள். பலகையை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். இரண்டு சிவப்பு இரண்டாகவே இருந்தது.

வந்துவிட்டாள். கோட்டைத் தாண்டினாள். தாண்டி, எங்கள் பக்கமாக வந்து, வேலியைப் பிடித்துக்கொண்டு, அந்த இடத்திலேயே நடக்கிற மாதிரி காலை மாற்றி மாற்றி வைத்தாள். நிற்கப் பயந்துவிட்டாள், பாவம்.

"முடிஞ்சுதா?" என்று கேட்டாள்.

அப்பா கையைத் தூக்கப் போனார். இறக்கிக்கொண்டார். அதிகாரி ஒருவர் ஏதோ பாஷையில் ஏதோ சொன்னார். அம்மா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

நான் அவசரப்படவில்லை. பலகையைப் பார்த்தேன். அம்மாவின் எண், முப்பத்தொன்பதாவது இடம், ஒரு மணி நாற்பது நிமிடம் ஐம்பத்திரண்டு விநாடி. எல்லாம் ஏறியிருந்தது.

"முடிஞ்சுதும்மா. இருபதும் முடிஞ்சுது."

"நல்லாப் பார்த்தியா?"

"ரெண்டு தடவை பார்த்தேன்."

அதற்குப் பிறகுதான் அம்மா கால்களை நீட்டித் தரையில் உட்கார்ந்தாள்.