ஏழாம் அறையின் மணி

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள். இந்தக் கதையைச் சொன்னவருக்கோ மூன்று வேளையும் தட்டாமல் கிடைத்துக்கொண்டிருக்கிறது. இதைவிட வேறு அத்தாட்சி எதற்கு?

முதியோர் இல்லங்களில் பராமரிப்பு ஒழுங்காக நடக்கிறதா என்று சோதிக்கும் அலுவலகத்தில் அன்று காலை தொலைபேசி அலறியது. எடுத்தவர் உதவி ஆய்வாளர். அவரை எல்லோரும் பூதக்கண்ணாடி என்றே கூப்பிடுவார்கள். ஐம்பதை நெருங்கிய வயதிலும் சட்டைப்பையில் ஒரு பூதக்கண்ணாடி இல்லாமல் படி தாண்டமாட்டார். ஒருமுறை அதை ஜன்னலோர வெயிலில் மறந்து வைத்து, மேலதிகாரியின் நாற்காலிக்குத் தீ வைத்தவர். அப்போது மேலதிகாரி அதில்தான் உட்கார்ந்திருந்தார்.

"நான் இல்லத்துல ஏழாம் அறையிலேர்ந்து பேசறேன்," என்றது ஒரு கரகரத்த குரல். "ரயில் என்ஜின் ஓட்டினவன். எங்க அறையில ஆளைக் கூப்பிடற மணி அடிக்கறதே இல்ல. அதைச் சொன்னா எனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சுங்கறாங்க. இன்னிக்குச் சாயங்காலம் என்னைப் பின்னால இருக்கற பூட்டு போட்ட கட்டடத்துக்கு மாத்தப் போறாங்க."

"மணி அடிக்கலேன்னா யாரையாவது கூப்பிட்டுச் சொல்லுங்களேன், அய்யா."

"கூப்பிடத்தானேய்யா மணி வேணும்!"

பூதக்கண்ணாடி 'கூப்பிட மணி வேணும்' என்று குறித்துக்கொண்டார். குரல் தொடர்ந்தது.

"என் சம்சாரத்துக்குப் பக்கவாதம். பேச்சு இல்ல. வலது கட்டைவிரல் மட்டும்தான் அசையும். நான் சக்கர நாற்காலி. நான் பக்கத்துல இருக்கற வரைக்கும் எப்படியோ ஆளை வரவெச்சுடறேன். என்னை அங்க பூட்டிட்டா, அவ தாகத்துக்கு யாரு? நேர்ல வந்து பாக்கறீங்களா, இல்ல பயமா?"

பூதக்கண்ணாடி இதை அப்படியே போய்ச் சொன்னார். ஆய்வாளர் அம்மா பின்னல் ஊசியைக் கீழே வைத்தார். அவருடைய நிதானம் பேர்போனது. ஒருமுறை லிஃப்ட் பாதியில் நின்றபோது, மற்றவர்கள் கதவை உடைத்துக்கொண்டிருக்க, இவர் ஒரு ஸ்வெட்டரைப் பின்னி முடித்தார். கை நீளமாகிவிட்டதென்று பிரித்து மறுபடியும் பின்னினார்.

"பயமான்னு கேக்கத் தெரிஞ்சவருக்குப் புத்தி நல்லாத்தான் இருக்கும். கிளம்புங்க," என்றார்.

ஆய்வாளர் கிளம்பும் முன்பே ஆய்வுச் செய்தி போய்ச் சேர்ந்துவிடுவது உலக வழக்கம். நிர்வாகி வாசலிலேயே கைகூப்பி நின்றார். தரையைத் துடைத்திருந்த துடைப்பில் ஒரு ஈ வழுக்கி விழுந்து காலொடிந்து கிடந்தது. பூதக்கண்ணாடி குனிந்து பார்த்து, ஒடிந்தது இடது பின்னங்கால் என்று உறுதி செய்தார்.

ஏழாம் அறையில் பச்சைப் பெயிண்ட் அடித்த இரண்டு இரும்புக் கட்டில்கள். ஒன்றின் பக்கத்தில் சக்கர நாற்காலியில் என்ஜின்காரர். மற்றொன்றில் அவர் மனைவி, கண்களை மட்டும் உருட்டி வந்தவர்களை அளந்தார்.

"டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல வேலை பாத்தவ," என்றார் என்ஜின்காரர். "ஊர்ல அடிச்ச மணிக்கெல்லாம் பதில் சொன்னவ. இப்ப இவ அடிச்சா ஒரு நாதி இல்ல."

"பாத்தீங்களா மேடம், இதே பேச்சுதான்," என்றார் தலைமை நர்ஸ். "நாள் முழுக்க ஸ்பூனால கட்டிலை அடிச்சுக்கிட்டே இருப்பாரு. கம்பியைப் பாருங்க, பெயிண்ட் எப்படி உரிஞ்சிருக்குன்னு. தெளிவா இருக்கறவங்க செய்யற வேலையா இது?"

ஆய்வாளர் அம்மா கம்பியைப் பார்த்தார். பிறகு அந்த அம்மாளின் கையருகே கிடந்த மணிப் பொத்தானைப் பார்த்தார். பல்போல வெள்ளை. பக்கத்துச் சுவரில் இருந்த விளக்கு ஸ்விட்சோ, விரல் பட்டுப் பட்டுக் கறுத்துப்போயிருந்தது. அவர் பொத்தானை அமுக்கினார்.

மணி கணீரென்று அடித்தது. கதவுக்கு வெளியே துணி மடித்துக்கொண்டிருந்த இரண்டு ஆயாக்களில் ஒருத்தி மோட்டுவளையைப் பார்த்தாள். இன்னொருத்தி தன் செல்போனை எடுத்துப் பார்த்தாள். தலைமை நர்ஸும் அண்ணாந்து பார்த்தார். நிர்வாகி மட்டும் சட்டென்று திரும்பித் தன் அலுவலக அறைக் கதவைப் பார்த்தார். உடனே கையைச் சொடுக்க, ஆயாக்கள் ஓடிவந்து நின்றார்கள்.

"கேட்டீங்களா மேடம்? எல்லா அறையிலயும் நாள் முழுக்க அமுக்கிக்கிட்டேதான் இருப்பாங்க. மறுமூச்சுல எங்க ஆளுங்க வந்து நிப்பாங்க," என்றார் நிர்வாகி.

"இன்னிக்குக் கேக்குது," என்றார் என்ஜின்காரர். "விருந்தாளி வர்ற அன்னிக்கு மட்டும் வீடு பெருக்கற கதைதான்."

நடையில் பூதக்கண்ணாடி காதோரம் வந்தார். "அம்மா, பெரியவரே ராத்திரியில மோட்டுல போற ஒயரைப் பிடுங்கிட்டு, காலையில மாட்டிடறாரோ?"

"சக்கர நாற்காலியோட கூரை மேல ஏறியா?"

"என்ஜின் ஓட்டினவராச்சே அம்மா, என்னமும் செய்வாரு."

மதியச் சாப்பாட்டுக்கு இல்லவாசிகள் எல்லாரும் கூடத்தில் சேர்ந்தார்கள். ஏழாம் அறை அம்மாளுக்கு மட்டும் சாப்பாடு அறைக்கே போயிருந்தது. ஆய்வாளர் அம்மா மேசை மேசையாக நடந்து ஸ்பூன்களை எடுத்துப் பார்த்தார். ஒன்றுகூட நேராக இல்லை. எல்லாம் கழுத்து கோணி, முதுகு நசுங்கிக் கிடந்தன.

"கை நடுக்கம் மேடம், கீழ போட்டுடறாங்க," என்றார் தலைமை நர்ஸ்.

பூதக்கண்ணாடிக்கு வாழ்நாள் ஆசை நிறைவேறும் வேளை வந்தது. கண்ணாடியை எடுத்து ஒவ்வொரு ஸ்பூனாகப் பார்த்தவர், முகம் வெளுத்தார். "அம்மா! எல்லாத்துலயும் பச்சையா என்னமோ ஒட்டியிருக்கு. விஷம்!"

"சபாஷ்," என்றார் ஆய்வாளர் அம்மா. "விஷம் இல்ல. ஆனா சபாஷ்."

பிறகு நிர்வாகி, தலைமை நர்ஸ், இரண்டு ஆயாக்கள் எல்லாரையும் கூடத்திலேயே இருக்கச் சொன்னார். கோணலான ஒரு ஸ்பூனை எடுத்து, மேசையின் இரும்புக் காலில் டங் டங்கென்று அடித்தார்.

அவ்வளவுதான். இரண்டு ஆயாக்களும் பிடித்தார்கள் ஓட்டம். ஒருத்தி கையில் குழம்புப் பாத்திரத்தோடு நடை முழுக்க ஓடி, அறை அறையாகத் தலையை நீட்டி, எல்லாரும் சாப்பாட்டுக் கூடத்தில் அல்லவா இருக்கிறார்கள் என்பது உறைத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு திரும்பினாள்.

"மணி அடிச்சா மோட்டைப் பாக்கறாங்க. ஸ்பூன் அடிச்சா காலு தானா ஓடுது," என்றார் ஆய்வாளர் அம்மா. "எந்தச் சத்தத்துக்குப் பழகினாங்கன்னு இதுக்கு மேல விளக்கணுமா? நாள் முழுக்க அமுக்கற பொத்தான் வெள்ளையா இருக்கு, ஸ்விட்சு கறுத்துக் கிடக்கு. ஸ்பூன்ல ஒட்டினது கட்டில் பெயிண்ட். புத்தி பேதலிச்சது ஒருத்தருக்குன்னீங்க. இங்க ஒரு கூடமே கட்டிலை அடிச்சிருக்கு. ஸ்பூன் தூக்கத் தெம்பு இல்லாதவங்க என்ன செய்வாங்க? கிடப்பாங்க."

கூடத்தில் ஒரு தாத்தா எழுந்து நின்றார். "நாங்க சொல்லலேம்மா, பயம். அவரு ஒருத்தருதான் சொன்னாரு."

"அப்ப மணியை நிறுத்தினது தலைமை நர்ஸ்!" என்று பூதக்கண்ணாடி விரலை நீட்டினார்.

"இல்ல. அவங்களும் அண்ணாந்துதான் பாத்தாங்க. வாயை மூடிக்கிட்டிருந்தது அவங்க தப்பு, அது தனிக் கணக்கு. சத்தம் எங்கிருந்து வருதுன்னு தெரிஞ்சவரு ஒரே ஒருத்தர். மணி அடிச்சதும் தன் அறைக் கதவைத் திரும்பிப் பாத்தவரு."

எல்லாரும் நிர்வாகியின் அறைக்குப் போனார்கள். சுவரில் மணிப்பெட்டி. அதன் அடியில் ஒரு ஸ்விட்ச். அதற்கும் கீழே நீளமான சோபா, அதன்மேல் நடுவில் குழி விழுந்த தலையணை. குழியில் தலை வைத்துப் பார்க்காமலேயே அளவு யாருக்குச் சரியாக வரும் என்று தெரிந்தது.

"தலைவலி மேடம்," என்றார் நிர்வாகி. "நாள் முழுக்க டிங் டிங்குன்னு. மனுசன் ஒரு கண்ணு அசர வேணாமா? அதுக்காக இவரு எல்லாரையும் தூண்டிவிடறாரு. டாக்டர்கிட்ட சொல்லியாச்சு. சாயங்காலம் பின்கட்டடத்துக்குப் போகத்தான் வேணும்."

என்ஜின்காரர் சக்கர நாற்காலியை உருட்டி நேராக அவர் முன்னால் நிறுத்தினார். "தண்டவாளத்துல மாடு நின்னாக்கூட நான் வண்டியை நிறுத்தி இறங்கிக் கும்பிட்டு விரட்டியிருக்கேன். உனக்கு அதுகூடக் கிடையாது. நான் நகரமாட்டேன். நகத்திப் பாரு."

ஒருவர் பின் ஒருவராகக் கைத்தடிக்காரர்களும் நாற்காலிக்காரர்களும் வந்து அவருக்குப் பின்னால் வாசலை அடைத்து நின்றார்கள். நிர்வாகி வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து அவர் தலைக்கு மேலே மணி அடித்தது. பெட்டியில் ஏழாம் எண் விளக்கு எரிந்தது.

யாரும் கையைச் சொடுக்கவில்லை. ஆயாக்கள் இருவரும் நிர்வாகியின் முகத்தைப் பார்த்தார்கள், பிறகு ஒருவரையொருவர் பார்த்தார்கள், பிறகு ஓடினார்கள். போன ஒருத்தி சிரித்துக்கொண்டே திரும்பி வந்தாள்.

"ஒண்ணும் வேணாமாம். கண்ணாலேயே சொல்றாங்க. சும்மா அமுக்கிப் பாத்தாங்களாம்."

மணி மறுபடியும் அடித்தது.

"அடிக்கட்டும். இத்தனை நாள் பாக்கி இருக்கு," என்றார் என்ஜின்காரர்.

ஆய்வாளர் அம்மா தன் கையாலேயே ஸ்விட்சைக் கழற்றி, ஒயரை நேராகச் சேர்க்கச் சொன்னார். என்ஜின்காரரை யாரும் எங்கேயும் மாற்றக் கூடாது என்று எழுத்தில் கொடுத்தார். மணிப்பெட்டியை இடம் மாற்றலாமா என்று நிர்வாகி கெஞ்சினார்.

"பெட்டி அங்கேயே இருக்கட்டும். வேணும்னா சோபா போகட்டும்," என்றார் அவர்.

ஒரே ஒரு தகவல் பாக்கி: இந்தக் கதையைச் சொன்னவருக்கு மூன்று வேளையும் போஜனம் போடும் அந்த இல்லம் திறந்த நாளிலிருந்து இன்றுவரை, அங்கே ஆய்வுக்கென்று ஒருவரும் வந்ததில்லை.