காலி இடத்தில் எரிந்த விளக்கு

சுப்பாத்தாளின் மார்பு எக்ஸ்ரேயில் வலது பக்கம் பதிமூன்று விலா எலும்புகள் இருந்தன.

"ஏனுங்க சார், காலைல எடுத்தப்போ பன்னெண்டுதானுங்க இருந்துச்சு. நானே எண்ணிப் பார்த்தனுங்க," என்றாள் டெக்னீஷியன் நஸ்ரியா.

கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வெங்கடபதி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எலும்பு எண்ணுவதற்குச் சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருக்கும் இந்த ஆர்.எஸ்.புரம் ஸ்கேன் சென்டரை நினைத்து அவனுக்குச் சிரிப்புதான் வந்தது. படங்களைச் சேமிக்கும் பழைய கம்ப்யூட்டரில் இரண்டு டிஸ்க்குகளையும் நடத்தும் சிப் பிறவியிலேயே கோளாறானது. இரண்டும் ஒரே நேரத்தில் ஓடினால் ஒன்றில் இருப்பதை மற்றதில் கொட்டிவிடும். அதனால் ஆபரேட்டிங் சிஸ்டத்தில் ஒரு காவல் வரி உண்டு: ஒரு டிஸ்க் முடிக்கும்வரை மற்றது காத்திருக்க வேண்டும். முன்பு இங்கே வேலை பார்த்த மயில்சாமி அதைப் போட்டுவிட்டு, 'எடுக்க வேண்டாம்' என்று குறிப்பும் எழுதியிருந்தார். பயந்தாங்கொள்ளி. அந்தக் காவலால் எல்லாம் மந்தமாக நகர்ந்தது. அன்று காலைதான் வெங்கடபதி அந்த வரியைத் தூக்கி எறிந்தான்.

"பழைய படம் ஏதாவது கலந்திருக்கும். மறுபடி எடும்மா, போ."

அவள் போனதும் படத்தைப் பெரிதாக்கினான். கலந்திருந்தால் கோடு கோடாகக் கிழிந்திருக்க வேண்டும். இந்த எலும்போ முதுகெலும்பில் கச்சிதமாகப் பொருந்தி, கூடவே பிறந்ததுபோல் வளைந்திருந்தது. அடுத்த படம் ஒரு லாரி டிரைவரின் கை. அதில் முழங்கை இரண்டு. ஜன்னலில்லாத அந்த அறையில் ஏசியின் முனகலுக்கும் சூடேறிய தூசியின் வாடைக்கும் அடியில், நகத்தால் தகரத்தைச் சுரண்டுவதுபோல் ஒரு சத்தம் விட்டுவிட்டு வந்துகொண்டிருந்ததை அவன் அப்போதுதான் கவனித்தான்.

அன்னூரில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த மயில்சாமிக்குப் போன் போட்டான்.

"அந்த வரிய எடுத்துபோட்டீங்களா?" என்றார் மயில்சாமி. "ரெண்டாவது டிஸ்க்க நான் போன வருசமே கழட்டிபோட்டனுங்க. அப்புறமும் அது ஓடிட்டுத்தானுங்க இருந்துச்சு. அதுக்குத்தானுங்க அந்த வரி."

"மாட்டோட சேர்ந்து மூளையும் போச்சு," என்று முணுமுணுத்தபடி போனை வைத்தான்.

ஸ்க்ரூடிரைவரால் மூடியைக் கழற்றினான். ஒரே ஒரு டிஸ்க். பக்கத்து இடம் காலி. வயர் சும்மா தொங்கியது.

அந்தக் காலி இடத்துக்கு மேல், டிஸ்க் ஓடும்போது மட்டும் எரியும் பச்சை விளக்கு எரிந்து எரிந்து அணைந்தது.

ஸ்க்ரூடிரைவரைப் பல்லில் கவ்விக்கொண்டு, குனிந்தபடியே அந்த வரியை மறுபடி அடித்தான். திரையில் எழுத்துகள் வந்தன.

முதல் டிஸ்க் காத்திருக்கிறது.

இருந்த டிஸ்க்கின் ரீங்காரம் நின்றது. சுரண்டல் நிற்கவில்லை.

ஒரு படம் மேலிருந்து வரி வரியாக இறங்கத் தொடங்கியது. எக்ஸ்ரேதான். குனிந்த ஒரு மண்டை ஓடு. பற்களுக்கிடையே ஒரு ஸ்க்ரூடிரைவர்.



கழுத்தெலும்பு இறங்கியது. அதைப் பின்னாலிருந்து சுற்றிப் பிடித்த விரல் எலும்புகள். மணிக்கட்டு. ஒரு முழங்கை. அதன் கீழ் இன்னொரு முழங்கை. அதற்கும் கீழே இன்னொன்று.

படம் இறங்க இறங்கக் கை நீண்டுகொண்டே போனது. தோள் வரவே இல்லை.