வருத்தத்துடன், கஸ்பர்

கார்த்திகை மாதத்துப் பிற்பகல், மூன்றரை மணிக்கே புளூம்ஸ்பரித் தெருவில் இருள் கட்டிவிட்டது. மிச்சம் என்ற தென்லண்டன் புறநகரிலிருந்து டிராமும் ரயிலும் மாறி வந்த சிவனேஸ்வரி, சங்கத்தின் கதவைத் திறந்ததும் வழக்கம்போலத் தபால் பெட்டியைத்தான் முதலில் பார்த்தாள்.

அட்டை வந்திருந்தது. முத்திரை இல்லை. ‘வர இயலாமைக்கு வருந்துகிறேன். கஸ்பர்.’

பத்தொன்பது வருடமாக அவள்தான் இந்தச் சங்கத்தின் எழுத்தர். லண்டன் மூடுபனியை அளப்பதற்கென்று விக்டோரியா மகாராணி காலத்தில் தொடங்கிய சங்கம் அது. நிலக்கரிப் புகையோடு அந்தப் பனியும் போய்ச் சேர்ந்துவிட்டது. விதிப்புத்தகம் மட்டும் கல்லுப்பிள்ளையார் மாதிரி அசையாமல் இருந்தது. வர முடியாத அங்கத்தவர் வருத்தம் எழுதி அனுப்ப வேண்டும், கூட்டத் தொடக்கத்தில் அதை உரக்க வாசிக்க வேண்டும் என்பது ஒரு விதி.

அங்கத்தவர் கஸ்பர் இறந்தது 1881இல். ஆனாலும் கூட்டத்துக்குக் கூட்டம் அவருடைய அட்டை வரும்.

“எனக்கு முன்னிருந்தவர்களும் வாசித்தார்கள், சிவா. வாசித்துவிட்டால் தொல்லையில்லை” என்பார் தலைவர் லெஸ்லி.

இன்று ஆண்டுக்கூட்டம். ஐந்து அங்கத்தவர்கள் வேண்டும்; எழுத்தர் அந்தக் கணக்கில் இல்லை. ஏற்கெனவே இரண்டு முறை ஆள் சேரவில்லை. மூன்றாம் முறையும் சேராவிட்டால் சங்கத்தைக் கலைத்துவிட வேண்டும்.

லெஸ்லியோடு சேர்த்து நான்கு பேர்தான் வந்தார்கள். அவர்களில் இளையவனான நிரூபன் அவளருகே குனிந்தான்.

“அக்கா, இனி ஒருத்தரும் வரமாட்டினம். இண்டையோட முடிஞ்சுது. நீங்களும் வீட்டில ஆறுதலா இருக்கலாம்.”

வீடு! கணவர் போய் எட்டு வருடம். அந்த வீட்டில் அவள் பேசுவது கெட்டிலோடு மட்டும்தான். அரைகுறையாகவேனும் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் இடம் இந்தப் பரந்த ஊரில் இது ஒன்றுதான். அதுவும் போகப்போகிறது.

அட்டையைக் கைப்பைக்குள் தள்ளினாள். வரவுப் புத்தகத்தில் நான்கு பெயர்களுக்குக் கீழே ஐந்தாவதாக எழுதினாள்: கஸ்பர்.

“வருத்தக் கடிதங்கள்?” என்று கேட்டார் லெஸ்லி.

“ஒன்றும் வரவில்லை.”

பொய் சொல்லிப் பழகாதவள், புத்தகத்தை அவர் பக்கம் நகர்த்தினாள்.

லெஸ்லிக்குப் பார்வை மங்கல். புத்தகத்தின் வரிகளை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். “ஐந்து. கூட்டம் செல்லும்.”

கீழே, அவள் பூட்டிவிட்டு வந்த வாசற்கதவு திறந்தது.

படிகளில் சப்பாத்துச் சத்தம். அவசரமில்லாத சத்தம்.

அறைக்குள் யாரும் வரவில்லை. நனைந்த கம்பளியின் மணமும் நிலக்கரிப் புகையின் மணமும் மட்டும் வந்தன. அந்தச் சங்கக் கட்டடத்தில் அடுப்பு மூட்டி அறுபது வருடமாகிறது.

மேசைக் கடைசியில் யாரும் உட்காராத ஒரு கதிரை பின்னுக்கு இழுபட்டது.

நிரூபன் அவள் கையை இறுகப் பிடித்தான். “அக்கா... அதில ஆர் இருக்கிறது?”

“கதையாதை தம்பி. என்னை எழுத விடு.”

சங்கம் தொடர வேண்டும் என்ற தீர்மானத்துக்குக் கை தூக்கினார்கள். லெஸ்லி கண்ணைச் சுருக்கி எண்ணினார்.

“ஐந்து.”

யாரும் தேநீருக்கு நிற்கவில்லை. நான்கு பேரும் இறங்கிப் போனதை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் அவள் கதவைப் பூட்டினாள்.

டிராமில் நல்ல சனம். நின்றுகொண்டு வந்தார்களே தவிர, அவளுக்குப் பக்கத்து இருக்கையில் ஒருவரும் உட்காரவில்லை.

வீட்டுக்கு வந்து குசினி விளக்கைப் போட்டாள். கெட்டிலை வைத்தாள்.

நிலக்கரிப் புகை மணத்தது.

மேசைக்கு எதிரே, எட்டு வருடமாக ஒருவரும் இருந்திராத கதிரை மெல்லப் பின்னுக்கு இழுபட்டது.

அட்டையை எரித்துவிட வேண்டும் என்று கைப்பையைத் திறந்தாள். அதே அட்டை, அதே கையெழுத்து. மை மட்டும் இன்னும் காயவில்லை.

‘போக இயலாமைக்கு வருந்துகிறேன். கஸ்பர்.’